தலை மாறிய சிப்பாய்கள்

(மேசைப் போர் விளையாட்டுக்கான சிறு உருவங்களை வெட்டியும் ஒட்டியும் மாற்றியமைக்கும் கலை குறித்த சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1980களின் கடைசியில் இங்கிலாந்தின் ‘ஒயிட் ட்வார்ஃப்’ இதழில் ஒரு செய்முறை வந்தது. காலி டியோடரன்ட் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் அட்டைத் துண்டுகளையும் வேறு மாடல்களில் மிஞ்சிய உதிரிகளையும் அதன்மேல் ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். தரையைத் தொடாமல் மிதந்து செல்லும் எதிர்காலத்துப் பீரங்கி வண்டி தயார். நாலு நண்பர்கள் சேர்ந்து நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் வந்த யோசனை என்று தோன்றலாம். ஆனால் அது வார்ஹாமர் விளையாட்டையும் அதற்கான உருவங்களையும் விற்றுப் பிழைக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் சொந்த இதழ். விதிப்புத்தகத்தில் வண்டி இருந்தது, கடையில் இல்லை. நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று நிறுவனமே வாடிக்கையாளரிடம் சொன்ன காலம் அது.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ஆறடிக்கு நான்கடி மேசை ஒன்றில் குன்று, இடிந்த சுவர், மரம் எல்லாம் சிறு அளவில் அமைக்கப்பட்டிருக்கும். இருவர் எதிரெதிரே தங்கள் படையை நிறுத்துவார்கள். அளவு நாடாவால் அங்குலக் கணக்கில் படையை நகர்த்துவார்கள். சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இன்று பரவலாகப் புழங்கும் உருவங்கள் 28 மில்லிமீட்டர் அளவினவை, அதாவது ஓர் அங்குலத்தைவிடச் சற்றே உயரம். பெரும்பாலானவை வர்ணம் இல்லாமல், உறுப்பு உறுப்பாக, ஒரு பிளாஸ்டிக் சட்டகத்தில் கோத்தபடி விற்பனைக்கு வரும். வெட்டி எடுத்து ஒட்டுவதும் வர்ணம் தீட்டுவதும் வாங்கியவர் பொறுப்பு.

அட்டைப் பெட்டியின் மேல் உள்ள படத்தைப் போலவே ஒட்டி முடிப்பவர்கள் பலர். சிலர் மட்டும் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. கொலுவிலும் இப்படித்தான்: கடையில் ஒரு செட்டை வாங்கி அப்படியே படியில் வைப்பவர்களும் உண்டு. மரப்பாச்சிக்குத் தானே உடை தைத்து, நகை போட்டு, ராஜாவும் ராணியுமாக ஆக்குபவர்களும் உண்டு. இந்த உரை அந்த இரண்டாம் வகையினரைப் பற்றியது. அவர்களை இந்தப் பொழுதுபோக்கின் ஓரத்தில் நிற்பவர்களாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள்தான் அதன் வேர். வெட்டி ஒட்டியவர்கள் முதலில் வந்தார்கள். விற்பவர்கள் அவர்கள் பின்னால் வந்தார்கள்.

வரலாறு அதைத் தெளிவாகவே காட்டுகிறது. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடும் விதிகளை எழுதினார். அவர் கையில் இருந்தவை பிரிட்டன்ஸ் நிறுவனத்தின் உள்கூடான ஈயச் சிப்பாய்கள். குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டவை, பெரியவர்களின் மேசைக்கு வந்தன. அரை நூற்றாண்டு கழித்து அதே இங்கிலாந்தில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் இந்த விளையாட்டுக்கு மறுவாழ்வு கொடுத்தார். சவுத்தாம்ப்டன் கால்பந்து அணியின் வீரர்களுக்கு உடலியக்கச் சிகிச்சை அளித்துவந்தவர் அவர். 1962இல் வெளியான அவருடைய ‘வார் கேம்ஸ்’ நூலைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையே உண்டு. அந்தத் தலைமுறையின் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தவை ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959 முதல் பெட்டி பெட்டியாக விற்ற சின்னஞ்சிறு பிளாஸ்டிக் சிப்பாய்கள்.

விலை மலிவு, ஆனால் வகை குறைவு. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்கள் கிடைத்தார்கள். வாட்டர்லூ வீரர்கள் 1960களின் இறுதி வரை வரவே இல்லை. பிரஷ்யர், ஆஸ்திரியர், ரஷ்யர் வேண்டும் என்றால் இருக்கிறவர்களைத்தான் வெட்ட வேண்டும். வெட்டுவதும் எளிதாக இல்லை. ஏர்ஃபிக்ஸ் சிப்பாய்கள் பாலித்தீனால் ஆனவை. வழுவழுப்பான அந்தப் பொருளில் பசை பிடிக்காது, பெயின்ட் உரிந்துவிடும். அதனால் ஒரு சிப்பாயின் தலையைச் சீவி, குண்டூசியால் இன்னொருவனின் கழுத்தில் குத்திப் பொருத்தினார்கள். சூடேற்றிய கத்தியால் உருக்கி ஒட்டினார்கள். காகிதத்தில் தொப்பியும் மேலங்கியும் செய்து சேர்த்தார்கள். ‘ஏர்ஃபிக்ஸ் மேகஸின்’ இதழ் இத்தகைய செய்முறைகளை மாதந்தோறும் அச்சிட்டது. எந்தப் பெட்டியில் இருக்கும் எந்தச் சிப்பாயின் கால் எந்த நாட்டுக் காலணிக்குப் பொருந்தும் என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் அன்று இருந்தார்கள். ராணுவச் சீருடை வரலாற்றைப் பல்கலைக்கழகம் போகாமலே கரைத்துக் குடித்தவர்கள் அவர்கள். கத்தி வைப்பதற்கு முன் படித்தாக வேண்டியிருந்தது.

அட்லாண்டிக்குக்கு அப்பால் நடந்தது இன்னும் சுவையானது. விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸும் நண்பர்களும் இடைக்காலப் போர் விளையாட்டு ஒன்றை நடத்திவந்தார்கள். 1971இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட ‘செயின்மெயில்’ விதிப்புத்தகத்தின் பின்னிணைப்பில் டிராகன்களும் மந்திரவாதிகளும் நுழைந்தார்கள். அந்த உயிரினங்களுக்கான உருவங்களைத் தேடிப் போனால் கடைகளில் அநேகமாக எதுவும் இல்லை. மலிவு சாமான் கடையில் பை நிறையக் கிடைத்த, ஹாங்காங்கில் செய்யப்பட்ட பிளாஸ்டிக் மிருகங்களை கைகாக்ஸ் வாங்கி வந்தார். டைனோசர் என்ற பெயரில் விற்கப்பட்டாலும் எந்த டைனோசரையும் போல் இல்லாத விசித்திர ஜந்துக்கள் அவை. வாலில் விசிறி போன்ற துடுப்புடன் இருந்த ஒன்று, இரும்பைத் துருவாக்கித் தின்னும் ‘ரஸ்ட் மான்ஸ்டர்’ ஆயிற்று. இன்னொன்று ‘அவுல்பேர்’, மற்றொன்று ‘புலெட்’. 1974இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் சீக்கிரமே குடியேறிவிட்ட இந்த ஜந்துக்கள் இன்றும் அதில் உலவுகின்றன. கதைக்கு ஏற்ற பொம்மையைச் செய்வதுதான் வழக்கம். இங்கே பொம்மைக்கு ஏற்ற கதை பிறந்தது. இந்தக் கலையின் இயல்பை இதைவிட நன்றாகச் சொல்லும் சம்பவம் வேறு இல்லை. உருவத்தைப் பார்க்கிற கண் மாறினால் போதும், சில சமயம் கத்திகூடத் தேவைப்படாது.

இனி, வேலை நடக்கும் மேசைக்கு வருவோம்.

ஆரம்பிப்பவர்கள் முதலில் கற்பது தலை மாற்றம். பார்க்கச் சுலபம். ஆனால் தாடைக்கு நேர் கீழே வெட்டினால் போதும் என்று நினைத்து வெட்டுபவர் இரண்டு உருவங்களைக் கெடுத்துவிடுவார். உடலாக இருக்கப்போகிறவனின் சட்டைக் காலர் முழுதாக இருக்க வேண்டும். எனவே அவன் கழுத்தை முடிந்தவரை மேலே வெட்டி, பிறகு காலருக்குள் சிறு குழியாகத் தோண்ட வேண்டும். தலை கொடுக்கிறவனின் கழுத்தை முடிந்தவரை கீழே வெட்ட வேண்டும். நீளம் மிஞ்சினால் தேய்த்துக் குறைக்கலாம், குறைந்துவிட்டால் கூட்ட முடியாது. ‘பின் வைஸ்’ எனப்படும் கைத்துளைப்பானை விரல்களால் சுழற்றி, இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு, பேப்பர் கிளிப் கம்பித் துண்டு ஒன்றை நடுவில் கோக்க வேண்டும். நிலைகுத்திய பார்வையோடு நேராக ஒட்டிவிட்டால் கிடைப்பது வேறு தலை உள்ள அதே பொம்மைதான். சில பாகை திருப்பி, தோளுக்கு மேல் எதையோ கவனிப்பது போல் வைத்துப் பாருங்கள். துப்பாக்கி ஒரு பக்கம், பார்வை மறுபக்கம். அவனுக்கு ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது.

கால் நிலையை மாற்றுவது இன்னும் கடினம். மனித உடலில் ஒரு காலைத் தூக்கினால் இடுப்பு சாயும், அதைச் சமன்செய்யத் தோள் எதிர்ப்பக்கம் சாயும். இடுப்பை மாற்றாமல் காலை மட்டும் வெட்டி உயர்த்தி ஒட்டினால், அந்த உருவம் இடறி விழப்போவதாகவே தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, கண் மட்டும் உறுத்தும். நல்ல கைவேலைக்காரர்கள் ஒட்டுவதற்கு முன் கண்ணாடி முன்னால் நின்று அந்த நிலையைத் தாங்களே செய்து பார்ப்பது இதற்காகத்தான்.

பசையிலும் தேர்வு உண்டு. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு உரிய சிமென்ட் உண்மையில் பசை அல்ல. அது இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்தபின் இணைப்பு உடலின் பகுதியாகிவிடுகிறது. உலோகத்திலும் ரெசினிலும் அது செல்லாது. அங்கே நாம் ஃபெவிக்விக் என்று அறிந்த வகையறா வேண்டும். அது நொடியில் பிடிக்கும், ஆனால் காய்ந்தபின் கண்ணாடித் தன்மை. கீழே விழுந்தால் பட்டென்று விட்டுவிடும். கனமான கைக்கும் சிறகுக்கும் உள்ளே கம்பி வைப்பது அதனால்தான்.

வெட்டிய இடத்து இடைவெளியை நிரப்பவும், இல்லாத அங்கியையும் ரோமத்தையும் உருவாக்கவும் இருப்பது ‘கிரீன் ஸ்டஃப்’. அமெரிக்காவின் பாலிமெரிக் சிஸ்டம்ஸ் நிறுவனம் செய்யும் நீடடைட் என்ற எபாக்சி மாவுக்கு இந்த உலகம் வைத்த செல்லப்பெயர் அது. நீலமும் மஞ்சளும் பக்கம் பக்கமாக ஒட்டிய நாடாவாக வரும். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோட்டில் மாவு ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருக்கும். அந்த மெல்லிய கீற்றை வெட்டி எறியாமல் பிசைந்தால், பின்னால் முகத்தைச் செதுக்கும்போது மணல்போல் கட்டி நெருடும். கோடு கோடாகத் தெரியாமல் முழுப் பச்சையாகும் வரை பிசைய வேண்டும். மஞ்சள் கூடினால் மிருதுவாகவும் ஒட்டும் தன்மையோடும் இருக்கும், நீலம் கூடினால் கடினமாக இறுகும். பிசைந்த உடனே கை வைத்தால் விரலோடு வந்துவிடும். சிறிது நேரம் ஆறவிட வேண்டும். பிறகு ஈரம் தொட்ட கருவியால் அங்கியின் மடிப்புகளை இழுக்கலாம். ஒன்றரை மணி நேரம் போல வேலை செய்ய விடும். அதற்குப்பின் அது கேட்காது. கூர்மையான விளிம்பு வேண்டிய வாளுக்கும் கவசத்துக்கும் வேல்ஸ் நாட்டு டோல்கெத்லாவ் ஊரில் தயாராகும் மில்லிபுட் என்ற எபாக்சி மாவு மேல். அது கல்போல் காயும், உப்புத்தாளால் தேய்க்கலாம். கிரீன் ஸ்டஃப் ரப்பர்போல் வளைந்து கொடுக்கும், தேய்த்தால் பிசிறும். தேர்ந்தவர்கள் இரண்டையும் கலந்து பிசைவார்கள்.

இந்தப் பச்சை மாவில் உலகமே வியக்கும் வேலை செய்பவர்களில் இரட்டையர்களான ஆலன் பெரியும் மைக்கேல் பெரியும் முக்கியமானவர்கள். கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பில் பல்லாண்டு சிற்பிகளாக இருந்து, பிறகு நாட்டிங்ஹாமில் பெரி மினியேச்சர்ஸைத் தொடங்கியவர்கள். 1996இல் வரலாற்றுப் போர் ஒன்றை மறுபடி நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில் நேர்ந்த பீரங்கி விபத்தில் மைக்கேல் வலது கையை இழந்தார். ஓர் அங்குல உருவத்தில் பொத்தானையும் மீசையையும் செதுக்கி வாழும் மனிதனுக்கு அதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்க முடியும்? இடது கையால் செதுக்கப் பழகினார், தொழிலுக்குத் திரும்பினார். அவர் செய்த உருவங்களில் எது எந்தக் கையால் ஆனது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

எந்த விளையாட்டு இப்படி மாற்றியமைக்கச் சொல்லித் தூண்டுகிறது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். நூறு சிப்பாய்கள் அணிவகுக்கும் விளையாட்டில் தனி ஒருவனுக்கு மெனக்கெட நேரமில்லை. 1999இல் வந்த ‘மோர்ட்ஹைம்’ வேறு மாதிரி. வால்நட்சத்திரம் விழுந்து அழிந்த நகரத்தில் புதையல் தேடும் சிறு கும்பல்கள்; ஒரு கும்பலில் பத்துப் பதினைந்து பேர், ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. வீழ்ந்தவனுக்கு என்ன ஆயிற்று என்று ஆட்டம் முடிந்தபின் பகடை போட வேண்டும். கண் போகலாம், கை துண்டாகலாம், காயம் ஆறி எழுந்தும் வரலாம். விளைவு அடுத்த ஆட்டத்துக்கும் தொடரும். கை போனவன் இனி இரு கைகளால் பிடிக்கும் ஆயுதத்தைத் தூக்க முடியாது. மேசையில் தெரிவதுதான் அவனிடம் இருப்பது என்பது விளையாடுபவர்களிடையே நெடுங்கால மரபு. ஆகவே, ஆட்டம் முடிந்த இரவே வீட்டில் கத்தியை எடுத்து அந்த உருவத்தின் கையை வெட்டி, தோளில் கட்டுத்துணியைச் செதுக்குபவர்கள் உண்டு. பல மாதங்கள் ஆடிய கும்பலைப் பார்த்தால் நடந்த கதை முழுவதும் உடல்களின் மேலேயே எழுதியிருக்கும். இந்தக் கலையின் உச்சம் பரிசு மேடையில் அல்ல, இங்கேதான் இருக்கிறது. 1987 முதல் நடக்கும் கோல்டன் டீமன் போட்டியில் ஆளுயர வாளைப் பரிசாக வாங்கிய படைப்புகளின் நேர்த்தி வணங்கத்தக்கது. ஆனால் அவற்றில் பலவும் ஒருமுறைகூட விளையாடப்படுவதில்லை.

டியோடரன்ட் டப்பா காலம் எப்படி முடிந்தது? அதில் நீதிமன்றத்துக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் சாப்டர்ஹவுஸ் ஸ்டூடியோஸ் என்ற சிறு நிறுவனம் வார்ஹாமர் உருவங்களுக்குப் பொருந்தும் தோள்கவசம், தலை போன்ற உதிரிகளை விற்றது. விதிப்புத்தகத்தில் இருந்தும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் இன்னும் உருவம் வெளியிடாத உயிரினங்களையும் செய்து விற்கத் தொடங்கியது. உதாரணம் ‘டெர்விகான்’: 2010இல் விதி வந்தது, பெட்டி வர 2012 ஆயிற்று. இடையில் விளையாடியவர்கள் வேறு மிருகத்தை வெட்டிச் செய்துகொண்டார்கள், அல்லது சாப்டர்ஹவுஸின் உதிரியை வாங்கினார்கள். 2010 முடிவில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் வழக்குப் போட்டது. 2013இல் சிகாகோ நடுவர் குழு சில குற்றச்சாட்டுகளை ஏற்றது, பலவற்றைத் தள்ளியது. விதித்த இழப்பீடு 25,000 டாலர். மேல்முறையீட்டு நிலையில் 2014இல் இரு தரப்பும் சமரசமானார்கள்.

தீர்ப்பைவிட அதன் நிழல் நீளமானது. உருவம் இல்லாத எதற்கும் விதி இல்லை என்ற நடைமுறை அதன்பின் உறுதிப்பட்டது. வார்ஹாமரின் வேற்றுலக ஜந்துப் படையான டிரானிட்களுக்கு 2014இல் வந்த விதிப்புத்தகத்தில் ‘மைசெட்டிக் ஸ்போர்’ என்ற உயிரினம் இல்லை. அதற்குப் பெட்டி எதுவும் வந்திருக்கவில்லை. பிளாஸ்டிக் முட்டையிலும் கிரீன் ஸ்டஃபிலும் ஆளுக்கொரு விதமாகச் செய்து வைத்திருந்தவர்களின் உழைப்பு ஒரே நாளில் மேசையை விட்டு இறங்கியது. நிறுவனத்தின் கணக்கு புரிகிறது. தான் கற்பனை செய்ததை அடுத்தவர் விற்பதை யாரும் விரும்புவதில்லை. ஆனாலும் அந்த முடிவு தவறு. விதிக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த வெற்றிடம்தான் இந்தக் கலையின் விளைநிலம். விற்பனையைக் காக்க வேலி போட்டபோது விளைநிலமும் வேலிக்குள் போய்விட்டது. இப்போது கணினியில் வடிவமைக்கப்பட்டு வரும் உருவங்கள் அழகில் குறைவற்றவை. ஆனால் பலவற்றில் ஒரு கை ஒரே உடலுக்குத்தான் பொருந்தும். வெட்டுக்கோடு அங்கியின் மடிப்புக்குள் மறைந்திருக்கும். தலை, கை, முதுகுப்பை எல்லாம் தனித்தனியாக வந்த வார்ஹாமரின் பழைய பிளாஸ்டிக் ஸ்பேஸ் மரீன் சிப்பாய்ப் பெட்டியை இன்றும் தேடி வாங்குபவர்கள் பழமைப் பித்தில் வாங்குவதில்லை. அதில் வேலைக்கு இடம் இருக்கிறது.

நிலம் போனவர்கள் வேறு நிலம் தேடினார்கள். மேக்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘டர்னிப்28’ நெப்போலியன் காலச் சிப்பாய்களை வேர்க்கிழங்குகள் மூடிய, சேறு படிந்த உருவங்களாக மாற்றச் சொல்கிறது. பெரி சகோதரர்களின் பெட்டிகள் அதற்குச் சரியான கச்சாப்பொருள். மோர்ட்ஹைமை உருவாக்கிய துவோமாஸ் பிரினன் பங்கேற்ற ‘டிரெஞ்ச் குருசேட்’ எந்த நிறுவனத்தின் உருவத்தையும் வரவேற்கிறது. வீட்டிலேயே ரெசின் பிரின்டர் வைத்து வேண்டிய தலையை அச்சிடுபவர்களும் பெருகிவிட்டார்கள். அதனால் கத்தி வேலை ஒழிந்துவிடும் என்பது பயமே தவிர உண்மை அல்ல. அச்சிட்ட தலையையும் யாராவது ஒருவர் திருப்பித்தான் ஒட்ட வேண்டும்.

நம் ஊரில் இதைத் தொடங்க விரும்பும் இளைஞர்களுக்கு ‘கேஸ்லாண்ட்ஸ்’ சரியான வாசல். மைக் ஹட்சின்சன் எழுதி 2017இல் ஆஸ்ப்ரே வெளியிட்ட இந்த விளையாட்டுக்குத் தனியான உருவங்களே கிடையாது. பொம்மைக் கடையில் தொங்கும் ஹாட் வீல்ஸ் கார்தான் படை. பாழாய்ப்போன பூமியில் ஆயுதம் பூட்டிய கார்கள் பந்தயம் ஓடுகின்றன. வென்றவருக்குச் செவ்வாய் கிரகத்துக்குப் பயணச்சீட்டு. காரைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பாகத்தை மேல்கூட்டோடு பிடித்திருப்பவை பெரும்பாலும் இரண்டு ரிவெட்கள். அவற்றின் தலையை மட்டும் துளைப்பானால் மெல்லக் குடைந்தெடுத்தால் கார் இரண்டாகப் பிரியும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொசுவலைத் துண்டை உள்பக்கமாக ஒட்டினால் கம்பி வலை போட்ட ஜன்னல். தீர்ந்துபோன ரீஃபில் துண்டு துப்பாக்கிக் குழல். ஸ்டேப்ளர் பின் கைப்பிடி. தடித்த அட்டையில் வெட்டிய தகடுகள் கவசம். இடைவெளிகளுக்கு கிரீன் ஸ்டஃப் வரவழைக்க வேண்டியதில்லை, ஹார்டுவேர் கடை எம்-சீல் போதும். சீக்கிரம் இறுகும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைய வேண்டும், கையுறை போட்டுக்கொள்வது நல்லது. பளபளக்கும் பழைய பெயின்டை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி, மங்கலான நிறம் அடித்து, கிழித்த ஸ்பாஞ்சில் பழுப்பு நிறத்தைத் தொட்டு விளிம்புகளில் மட்டும் ஒற்றி எடுங்கள். துரு எங்கே பிடிக்கும் என்று தெரியாவிட்டால் தெருவில் நிற்கும் பழைய லாரி ஒன்றைப் போய்ப் பார்க்கலாம்: சக்கரத்துக்கு மேலே, கதவின் அடியில், தண்ணீர் தேங்கும் மடிப்புகளில்.